அளவுகோல் இல்லாத வரைபடம்

மே 15, வியாழன்

காலை பத்தரைக்கு நியூரம்பெர்க் வந்து சேர்ந்தோம். அறை, ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், மூன்றாவது மாடி. இரண்டு கட்டில், ஒரு மேசை, தண்ணீர் கொதிக்கவைக்க ஒரு கெட்டில். அடுப்பு கிடையாது. சமைக்கக் கூடாது என்று கதவிலேயே படம் ஒட்டியிருக்கிறார்கள். பாக்கியம் அதைப் பார்த்துவிட்டு, “நல்லதாப் போச்சு. கல்யாணமான நாள்லருந்து மொத தடவையா அடுப்பில்லாத வீட்டுல இருக்கப் போறேன்” என்றாள். வெந்நீரில் பால்பவுடரைக் கரைத்துக் காபி கொடுத்தாள். குடிக்கலாம்.

இந்தப் பயணத்துக்கென்றே வாங்கிய நோட்டு இது. பாடம் தொடங்கும் முன் கரும்பலகையில் தலைப்பு எழுதுவதுபோல, முன்கதையை எழுதிவிடுகிறேன். எங்கள் ஒரே மகன் பரணீதரன் இந்த ஊரில் நாலு வருடம் எஞ்சினியராக வேலை பார்த்தான். போன வருடம் ஜனவரியில் பனி உறைந்த ரோட்டில் சைக்கிள் வழுக்கி விழுந்தான். வயது முப்பத்தொன்று. உடல் விமானத்தில் மதுரைக்கு வந்தது. முதல் திவசம் கொடுத்து நாலு மாதம் ஆகிறது.

அவன் நடந்த தெருக்களை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. “நீங்க ஆசைப்பட்டா வர்றேன்” என்றாள் பாக்கியம்.

முதல் வருடம் பரணி இரவில் அறையிலிருந்துதான் பேசுவான். பிறகு ஆற்றோரம் ஒரு நல்ல வீட்டுக்கு மாறிவிட்டதாகச் சொன்னான். அதிலிருந்து ஞாயிறு தவறாமல், இங்கே காலை பதினொரு மணிக்கு, வீடியோவில் கூப்பிட்டு நடந்துகொண்டே ஊரைக் காட்டுவான். “அப்பா, இதுதான் லோரன்ஸ் கோயில். ரெண்டு கோபுரமும் ஒண்ணு போல இருக்கா, பாருங்க.” வத்தலக்குண்டில் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே நாங்கள் இரண்டு பேரும் ஊர் சுற்றுவோம்.

முப்பத்திரண்டு வருடம் புவியியல் நடத்தியவனுக்குச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரும் வழியை வரைந்துவரச் சொல்வேன். அதே பயிற்சியை எனக்கே கொடுத்துக்கொண்டேன். அவன் காட்டிய ஒவ்வொரு தெருவையும் ஒரு பெரிய தாளில் வரைந்தேன். கிட்டத்தட்ட மூன்று வருட ஞாயிறுகள் அந்தத் தாளில் இருக்கின்றன. மடித்து, கையோடு கொண்டு வந்திருக்கிறேன்.

ஒரே ஒரு குறை. முக்கால் மணி நேரம் ஆனதும் பாக்கியம், “பாலை அடுப்புல வச்சிருக்கேன்” என்று எழுந்துவிடுவாள். எங்கள் நேரப்படி கோடையில் மூன்றேகால், குளிர்காலத்தில் நாலேகால். அவள் எழுந்ததும் அவனும், “சரிப்பா, வைக்கிறேன்” என்பான். இங்கே சந்தைச் சதுக்கத்து மாதா கோயில் கடிகாரத்தில் பகல் பன்னிரண்டு அடிக்கும்போது ஏழு பொம்மைகள் வந்து ராஜாவை மூன்று முறை சுற்றுமாம். அதைக் காட்டுடா என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். “அடுத்த வாரம்ப்பா” என்பான். அந்தப் பாலால் கடைசிவரை பார்க்கவில்லை.

மே 16, வெள்ளி

பாக்கியத்துக்கு முட்டி வீங்கியிருக்கிறது. கீழே ரொட்டிக்கடை வரை வந்தாள், திரும்பிவிட்டாள். ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ரொட்டிக்கடையில் ஒரு தாய் தன் மகனை அதட்டிக்கொண்டிருந்தாள். பையன் காதில் வாங்கவில்லை. அதட்டுவதால் பயனில்லை என்பது என் அனுபவம். நான் ஒரு மாணவனையும் அடித்ததில்லை, திட்டியதும் இல்லை. தவறு செய்தால் பேசாமல் இருந்துவிடுவேன். பிள்ளை தானாகவே யோசித்துத் திருந்திவிடும். பரணி பிளஸ் டூ அரையாண்டில் இயற்பியலில் பெயிலானான். பதினொரு நாள் நான் பேசவில்லை. முழுஆண்டில் தொண்ணூற்றிரண்டு வாங்கினான்.

மதியம் இரண்டு வேட்டி, ஒரு சேலை துவைத்துக் குளியலறையில் உலர்த்தினோம். வெயில் இருக்கிறது, கொடி கட்டத்தான் இடமில்லை.

பிற்பகலில் பாக்கியம் ஜன்னலைத் திறந்துவைத்து, எதிரே நிலையத்திலிருந்து வரும் அறிவிப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். “இந்தச் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம்ங்க” என்றாள். உலகத்தில் எல்லா ரயில் நிலையங்களிலும் அறிவிப்பு ஒன்றுபோலத்தான் இருக்கும், நம் ஊர்ப்பக்கத்துக் கொடைரோடு நிலையத்திலேயே கேட்டிருப்பாய் என்று விளக்கினேன். “இருக்கும்” என்றாள்.

ஜெசிந்தாவிடம் போனில் பேசினேன். பரணி விழுந்த அன்று எங்களைக் கூப்பிட்டுச் சொன்னவர், உடலை அனுப்ப ஓடியாடியவர் அவர்தான். நாகர்கோவில் பக்கம். ஆல்ட்பாக் என்ற சிற்றூரில், இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில், நர்ஸாக இருக்கிறார். இறப்புச் சான்றிதழிலும் அந்த ஊர்ப் பெயர்தான் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது போலும், அடிபட்டவனை அங்கே கொண்டுபோயிருக்கிறார்கள் என்று அப்போதே பாக்கியத்துக்கு விளக்கியிருக்கிறேன். ஜெசிந்தா நாளை விடுமுறை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றிக்காட்ட வருகிறார்.

பரணி குடியிருந்த வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு கிலோ கைமுறுக்கு கொண்டு வந்திருக்கிறேன். காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குச் சூப் வைத்துக் கொடுத்த மகராசி. வெறுங்கையோடு போய் நிற்கலாமா?

மே 17, சனி

பாக்கியம் வரவில்லை. “நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா நேர்ல பாத்த மாதிரி இருக்கும்.” முறுக்குப் பொட்டலத்தையும் வரைபடத்தையும் தோள்பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

ஜெசிந்தா நிலைய வாசலில் நின்றார். நாற்பதுக்குள் இருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா வரல்லியா சார்?” என்றார்.

“முட்டி வலி.”

“அம்மா ஒண்ணும் சொல்லல்லியா?”

“டாக்டர் கொடுத்த தைலம் இருக்கு, தேய்ச்சிருக்கா.”

நான் வரைபடத்தை விரித்து, வழிகாட்டுவது நான்தான், நீங்கள் உடன் வந்தால் போதும் என்றேன். சிரித்தார். “சார், நீங்க இங்க பொறந்து வளந்தவிய மாதிரில்லா பேசுதிய.”

தடித்த உருண்டைக் கோபுரம், அதைத் தாண்டிக் கடைத்தெரு. என் தாளில் உள்ளபடியே இருந்தது. கண் கலங்கிவிட்டது. அதே ஐஸ்கிரீம் கடை, அதே மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை. நின்று நின்று தாளில் டிக் போட்டேன். பிறகு தலையை நிமிர்த்தினால் லோரன்ஸ் கோயில் எதிரே நிற்கிறது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கிளம்பி எட்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“அதுக்குள்ள வந்துட்டமே” என்றேன்.

என் தாளில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடுவே இரண்டு சாண் இருந்தது. அவன் அந்த வழியை எத்தனையோ வாரம் துண்டுதுண்டாகக் காட்டினான். நான் ஒவ்வொரு வாரத்தையும் ஒரு நீளமாக வரைந்துவிட்டேன்.

கோயிலுக்குள் போனோம். கூரையிலிருந்து ஒரு பெரிய வட்ட மாலைக்குள் மாதாவும் தேவதூதரும் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா முழங்காலிட்டு ஜெபித்தார். எனக்கு எதைக் கேட்பது என்று தெரியவில்லை, கைகட்டி நின்றேன்.

பாலம். ஆற்றின்மேல் வளைவு கட்டி அதன்மேல் நிற்கும் பழைய தர்ம ஆஸ்பத்திரி. எண்பது, நூறு படம் அனுப்பியிருப்பான் இதை மட்டும். நிலையத்திலிருந்து பத்து நிமிடம். சந்தைச் சதுக்கம், பன்னிரண்டு நிமிடம். பூக்கடை, பழக்கடை, கூம்பு போல உயர்ந்த நீரூற்று. அதன் கம்பி வேலியில் ஒரு பித்தளை வளையம் இருக்கிறது, சுற்றினால் நினைத்தது நடக்குமாம். ஒரு ஜப்பானியப் பெண் சுற்றினாள், அவள் தோழிகள் கைதட்டினார்கள். ஜெசிந்தா, “நீங்களும் சுத்துங்க சார்” என்றார். நினைத்துச் சுற்ற என்ன இருக்கிறது? வளையத்தைத் தொட்டுவிட்டு வந்தேன்.

“கோட்டைக்குப் போவோம்” என்றேன். என் தாளில் வடக்கே கோட்டைக்கு ஒரு வட்டம் மட்டும் போட்டிருக்கிறேன். பரணி அதைத் தூரத்திலிருந்துதான் காட்டுவான், ஏறியதில்லை. மூச்சு வாங்க ஏறினோம். ஏறி இறங்க அரை மணி. மேலே நின்று பார்த்தபோது சிவப்பு ஓட்டுக் கூரைகளும், அதற்கப்பால் ரயில் நிலையமும் தெரிந்தன. தாளை விரித்து ஊரையும் தாளையும் மாறிமாறிப் பார்த்தேன். இரண்டடி அகலத் தாள் முழுவதும் கீழே ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது. எல்லாம் நிலையத்திலிருந்து பன்னிரண்டு நிமிட நடைக்குள். அதற்கு வெளியே அவன் எங்களுக்கு எதையும் காட்டியதில்லை.

எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்: படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மூலையில் அளவுகோல் போடாவிட்டால் அது வரைபடம் ஆகாது, வெறும் சித்திரம். என் தாளில் நாலு மூலையும் காலியாக இருந்தது.

“இவன் ஆபீஸ் எந்தப் பக்கம்?”

ஜெசிந்தா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். “சாப்பிடலாமா சார்? மணி ஒண்ணாவுது.”

ஒரு சுவரோரம் உட்கார்ந்து, பாக்கியம் ரொட்டியில் எலுமிச்சை ஊறுகாய் தடவிச் சுருட்டிக் கொடுத்ததைச் சாப்பிட்டோம். அவர் பாதிக்குமேல் சாப்பிடவில்லை.

இறங்கி, ஆற்றோரம் அவன் வீட்டுக்குப் போனேன். வழி எனக்கு நன்றாகத் தெரியும். மரச்சட்டம் போட்ட நீண்ட பழைய வீடு, சிவப்பு ஜன்னல்கள், வாசலில் கிளைகள் தாழத் தொங்கும் ஒரு அலரி மரம். இரண்டாம் மாடி, மூன்றாவது ஜன்னல். “அதுதாம்ப்பா என் ரூம்.” கீழே நின்றபடி கை நீட்டிக் காட்டுவான். உள்ளே காட்டுடா என்றால், குப்பையாக் கிடக்குப்பா என்பான். மூன்று வருடமும் குப்பையாகவே கிடந்தது.

வாசலில் மணிப் பொத்தான்கள் வரிசையாக இருந்தன. பையிலிருந்து முறுக்கை எடுத்தேன். சட்டையைச் சரிசெய்துகொண்டேன். ஜெர்மனில் நன்றி சொல்ல ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

“சார், மணி அடிக்காதீங்க.”

“ஒரு நிமிஷம்தாம்மா. குடுத்துட்டு வந்துருவோம்.”

“சார்.” என் முழங்கையைப் பிடித்தார். “அவன் இங்க இருக்கல்ல சார்.”

நான் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன்.

“பின்ன?”

“ஆல்ட்பாக்ல. எங்க ஹோம்ல. நான் வேல செய்யுதது ஆஸ்பத்திரி இல்ல சார், முதியோர் இல்லம். வந்து பதினாலாம் மாசமே அவன் கம்பெனில ஆளக் குறச்சாச்சு. நாந்தான் எங்க இல்லத்துச் சமையக்கட்டுல சேத்துவிட்டேன். அப்புறம் வயசானவங்களப் பாத்துக்கிடுத படிப்புக்கும் சேந்தான். முடிய நாலு மாசம் இருந்துது.”

ஆற்றில் இரண்டு வாத்துகள் போய்க்கொண்டிருந்தன. அவை பாலத்தைத் தாண்டும்வரை பார்த்தேன்.

“ஞாயித்துக்கெழம?”

“காலைல வண்டி ஏறி இங்க வருவான். உங்ககிட்டப் பேசிட்டு, பன்னெண்டு ஏழு வண்டியப் பிடிச்சு ஓடியாருவான். ரெண்டு மணிக்கு டூட்டி.”

பன்னிரண்டு மணிப் பொம்மைகளை அவன் ஒரு தடவையும் காட்ட முடியாமல் போனதற்குக் கணக்கு சரியாக இருந்தது.

“வீட்டுக்காரம்மா சூப் கொடுத்தது?”

“அது நாந்தான் சார்” என்று சொல்லி ஜெசிந்தா அழுதுவிட்டார்.

நானும் அவரும் ஆற்றங்கரைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். முறுக்கு என் மடியில் இருந்தது. அப்பாவிடம் சொல்லிவிடு என்று அவனிடம் நூறு தடவை சொன்னதாகச் சொன்னார். “அப்பா ஊரெல்லாம் சொல்லியாச்சுக்கா. ஸ்கூல் ஆண்டு விழால மேடைல கூடச் சொல்லியாச்சு. இனி எப்படிச் சொல்ல?” என்பானாம். “பதினோரு நாளு, பதினோரு நாளுன்னு என்னமோ சொல்லுவான் சார். அது என்னன்னு நான் கேக்கல்ல.”

அது என்ன என்று நானும் அவரிடம் சொல்லவில்லை.

பிறகு, என்னைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, ஒன்று சொன்னார். இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பரணி ஒரு பெரிய படம் வரைந்து மாட்டியிருக்கிறானாம். வத்தலக்குண்டு. பஸ் ஸ்டாண்டு, பெரிய பள்ளிவாசல், வெற்றிலைச் சந்தை, எங்கள் வீடு, என் பள்ளிக்கூடம். நடக்க முடியாத முதியவர்களைத் தினமும் ஒரு தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போவானாம், விரலால். “ஹெர்ட்டான்னு ஒரு அம்மா இருக்காவ, தொண்ணூத்தொண்ணு வயசு. உங்க வீட்டுக்கு வழி கேட்டா இப்பவும் கரெக்டாச் சொல்லுவாவ சார்.”

“மூலையில அளவு போட்டிருக்கானா?”

“என்னது சார்?”

“ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை மீட்டர்னு கீழே எழுதியிருக்குமே.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். “ஆமா, கோடு போட்டு எழுதியிருக்கான். நூறு மீட்டர்னு.”

நிலையம்வரை மெதுவாக நடந்தோம். பாக்கியத்திடம் எதுவும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். என் பிள்ளை நல்ல வேலையில், நல்ல வீட்டில், சந்தோஷமாக இருந்தான் என்பது ஒன்றுதான் அவளிடம் மிச்சம் இருக்கிறது. அதையும் நான் பிடுங்க மாட்டேன். ஜெசிந்தா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி சார்” என்றார்.

அறைக்கு வந்ததும் பாக்கியம், “எல்லாம் பாத்தீங்களா?” என்றாள்.

பார்த்தேன் என்றேன். கால் வலிக்கிறது, நாளைக்கு விவரமாகக் காட்டுகிறேன் என்றேன்.

“வெந்நி வச்சுத் தர்றேன், கால நனச்சுக்கங்க” என்று கெட்டிலை எடுத்தாள்.

மே 18, ஞாயிறு

பதினொரு மணிக்கு லோரன்ஸ் கோயில் வாசலிலிருந்து பாக்கியத்தை வீடியோவில் கூப்பிட்டேன். அவள் ஜன்னலோரம் இருந்தாள். பின்னால் திரைச்சீலை ஆடியது.

“கேக்குதா?”

“கேக்குது. தொப்பியப் போடுங்க, காத்தடிக்குது.”

நடந்துகொண்டே காட்டினேன். இரட்டைக் கோபுரம், பாலம், ஆறு. கடைகளெல்லாம் மூடியிருந்தன. அவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஒரு நல்ல கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்து நின்று, “இதுதான் அவன் ஆபீஸ். நாலாவது மாடி” என்றேன்.

“பெருசா இருக்கே.”

“ஆமா. கேன்டீன்கூட உண்டாம்.”

சிவப்பு ஜன்னல் வீட்டுக்கு வந்தேன். கையை நீட்டி மூன்றாவது ஜன்னலைக் காட்டினேன். அவன் நிற்கும் இடம் எனக்குத் தெரியும், அலரி மரத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்து காட்டினால்தான் ஜன்னல் முழுதாகத் தெரியும்.

“முறுக்கு குடுத்தீங்களா அந்தம்மாகிட்ட?”

“நேத்தே குடுத்துட்டேன். ரொம்ப சந்தோஷம் அவங்களுக்கு.”

“என்ன சொன்னாங்க?”

“பரணி மாதிரி பிள்ளையப் பாத்ததில்லைன்னாங்க.”

பொட்டலம் என் தோள்பையில்தான் இருந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் அது நொறுங்குவது எனக்குக் கேட்டது.

திரையில் பாக்கியத்தின் முகம் மிக அருகே வந்தது. “உங்க மூஞ்சியக் கொஞ்சம் காட்டுங்க” என்றாள். திருப்பினேன். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சந்தைச் சதுக்கத்துக்கு வந்தபோது பதினொன்று நாற்பத்தைந்து. “இன்னும் கால் மணி நேரம் இரு. அந்தப் பொம்மை வரும். அவன் காட்டாம விட்டதை இன்னிக்கு நான் காட்டறேன்” என்றேன். கடிகாரத்துக்கு நேராகப் போனைத் தூக்கினேன். அவன் உட்கார்ந்து வேலை பார்த்த மேசை ஜன்னலோரம் இருந்ததாம், அங்கிருந்து கோட்டை தெரியுமாம் என்று இன்னும் என்னென்னமோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

“சரிங்க” என்றாள் பாக்கியம், மெதுவாக. “பாலை அடுப்புல வச்சிருக்கேன். வச்சிடட்டுமா?”

வைத்துவிட்டாள்.

பன்னிரண்டு அடித்தது. கூட்டம் அண்ணாந்து பார்த்தது. சின்னக் கதவு திறந்து ஏழு பேரும் வரிசையாக வந்து, ராஜாவை ஒரு முறை சுற்றினார்கள். இரண்டாம் முறை. மூன்றாம் முறை. கதவு மூடிக்கொண்டது. போனைச் சட்டைப்பையில் வைத்தபடி நான் நின்றேன். அதற்குள் அவன் நிலையப் படிக்கட்டில் ஓடிக்கொண்டிருப்பான்.

கோடையில் மூன்றேகால், குளிர்காலத்தில் நாலேகால். வருடத்துக்கு இரண்டு முறை ஐரோப்பா கடிகாரத்தைத் திருப்பி வைக்கும்போதெல்லாம், வத்தலக்குண்டில் எங்கள் வீட்டுப் பாலும் ஒரு மணி நேரம் தள்ளிக் காய்ந்திருக்கிறது. மூன்று வருடம். அதை ஒரு புவியியல் வாத்தியார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தேன். பாக்கியம் ஜன்னலைச் சாத்திவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தோள்பையை வாங்கி, முறுக்குப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

இந்த அறையில் அடுப்பு கிடையாது.

மே 19, திங்கள்

காலையில் பாக்கியம் பட்டுக்கரைச் சேலை கட்டியிருந்தாள். நொறுங்கிய முறுக்கை ஒரு பக்கம் ஒதுக்கி, முழுசாக இருந்தவற்றைப் புதுக் காகிதத்தில் கட்டியிருந்தாள். “அந்தப் பன்னெண்டு ஏழு வண்டி எந்த பிளாட்பாரம்னு கேட்டுட்டு வாங்க” என்றாள்.

நிலையப் படிகளில் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். முட்டி வலிக்கிறது என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. ஆல்ட்பாக்குக்கு இரண்டு டிக்கெட். ஜன்னலோர இருக்கை அவளுக்கு.

வண்டி நகர்ந்துகொண்டிருக்கிறது. அதனால் கையெழுத்து கோணல்.